ஓரத்து மச்சம்

டாக்டர் கனகசபேசனின் கண்புரை ஆபரேஷன் வீடியோ அவரிடம் பயிற்சி பெறும் யாழரசிக்கு மனப்பாடம். நாளை அவள் முதன்முதலாகக் கண்ணில் கத்தி வைக்கப் போகிறாள். அந்த வீடியோவைப் பார்த்துத்தான் படித்திருந்தாள். பின்னணியில் கல்யாண வீடியோ மாதிரி நாதஸ்வரம். வெள்ளை விழியின் ஓரத்தில் கடுகளவு மச்சம். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் படம் துள்ளும். நெட் மோசம் என்று நினைத்திருந்தாள்.

இன்று காலையில், பரிசோதனைக்கு வந்த சூசைமாணிக்கத்தின் வலது கண்ணில் டார்ச் அடித்தவள் திடுக்கிட்டாள். அதே மச்சம்!

"இந்தக் கண்ணு எப்படிங்க தெரியுது?"

"எங்க தெரியுது டாக்டரம்மா? ஆபரேஷனுக்கப்புறம் வெறும் வெளிச்சந்தான். உனக்கு நரம்பு வீக்குன்னுட்டாரு பெரிய டாக்டரு."

போனை எடுத்தாள். படம் துள்ளிய இடத்தில் நிறுத்திப் பார்த்தாள். துள்ளலுக்குப் பிறகு லென்ஸ் கச்சிதமாக உட்கார்ந்த கண்ணில் மச்சமே இல்லை. அது வேறு யாருடைய கண்ணோ! கீழே கமெண்டுகளில், 'தெய்வக் கைகள்' என்று வரிசையாகக் கும்பிடுகள்.

"அந்தப் படத்தை எம் மவனும் காட்டினான். என்னமா பண்றாரு! அதான் இடது கண்ணையும் அவருகிட்டயே குடுத்துரலாம்னு வந்துட்டேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் கனகசபேசன்.

"வாய்யா மாணிக்கம்! நாளைக்கே முடிச்சிடலாம். யாழரசி, உன் கேஸ் அப்புறம். இவரு வீடியோவை எடிட் பண்றது உன் பொறுப்பு."

அவள் டார்ச்சை அணைக்கவில்லை. சூசைமாணிக்கத்தின் இடது கண் அந்த வெளிச்சத்தில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.