உருத்திரமூர்த்தியே

மேடையில் என் கணவர் உருத்திரமூர்த்திக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் ஊர்ச் சங்கம் வாடகைக்கு எடுத்த மண்டபம். சங்கத்தின் தலைவரும் அவர்தான். ஆகவே பாராட்டு விழா வைப்பதா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடு எதுவும் வரவில்லை.

பின்னால் பெரிய பதாகை. இடப்பக்கம் பல கோடி வருடங்களுக்கு முன் செத்துப்போன ஒரு ராட்சதப் பல்லி. வலப்பக்கம் இவர். இரண்டு பேருக்கும் கீழே பெயர் போட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

அந்தப் பல்லியின் எலும்பை ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில் யாரோ ஆல்பர்ட்டாவில் தோண்டியெடுத்து, முதலை என்று எழுதி ஒட்டி, மொன்றியல் மியூசியம் ஒன்றின் இழுப்பறை லாச்சிக்குள் போட்டுவிட்டார்கள். எழுபது வருடம் அது முதலையாகவே கிடந்தது.

போன வருடம் அதை வெளியே எடுத்துப் பார்த்து, இது முதலையே இல்லை, யாரும் இதுவரை அறியாத ஒரு விலங்கு என்று கண்டுபிடித்தவள் எங்கள் மகள் ஆர்த்திகா. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது அந்தத் தொழிலில் மரியாதை இல்லையாம். அவளுடைய பேராசிரியை, அவளது குடும்பப் பெயரை அதற்கு வைத்துவிட்டார்.

குடும்பப் பெயர் என்றால் எங்களுக்கு அப்பாவின் பெயர்தானே; எனக்கு இன்றுவரை என் அப்பாவுடையது, அவளுக்கு இவருடையது. இவருக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

மருந்தாளர் படிப்பை விட்டுவிட்டு எலும்பு படிக்கப் போனாள் என்று மூன்று வருடம் அவளோடு முகம் கொடுத்துப் பேசாத மனிதர் இவர். யாராவது கேட்டால், மகள் குப்பை கிளறுகிறாள் என்பார். இன்றைய அழைப்பிதழில் அவள் பெயர் இல்லை. மேடையில் அவளுக்கு நாற்காலியும் இல்லை.

அப்பா தன்னைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்வார் என்று ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யிலிருந்து வந்து, கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இவர் மைக்கைப் பிடித்தார். பல்லியின் பெயரில் முன்பாதி கிரேக்கம். அது இவர் வாயில் நுழையவில்லை. பின்பாதியை விடுவாரா?

"உருத்திரமூர்த்தியே! கடைசியிலை ஏ போட்டிருக்கிறான், கவனிச்சியளோ? வேறை ஆருமில்லை, நானேதான் எண்டு அடிச்சுச் சொல்லியிருக்கிறான் வெள்ளைக்காரன்."

மண்டபம் கைதட்டியது.

ஆர்த்திகா என் காதுக்குள் ஒரு விஷயம் சொன்னாள். வந்த சிரிப்பை அடக்கச் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினேன். பிறகு எழுந்து நின்றேன். இவருடைய கூட்டமொன்றில் நான் வாய் திறந்தது அதுதான் முதல்தடவை.

"இஞ்சாருங்கோ, அந்த ஏயை நல்லா இழுத்து இன்னொருக்காச் சொல்லுங்கோ. சனமும் சேர்ந்து சொல்லட்டும்."

அவருக்கு வாயெல்லாம் பல். கையை உயர்த்தி இழுத்தார். மண்டபமே சேர்ந்து இழுத்தது. யாரோ விசிலும் அடித்தார்கள்.

ஆர்த்திகா அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தாள்.

அவள் சொன்னது இதுதான். அது தமிழ் ஏ இல்லை, லத்தீன். ஆணுடைய பெயர் என்றால் கடைசியில் ஈ வருமாம். ஏ வந்தால் அது பெண்.

அந்தக் குடும்பப் பெயரோடு எங்கள் வீட்டில் ஒரே ஒரு பெண்தான் இருக்கிறாள். அவளுக்குத்தான் சனம் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது.