நிற்குமா, படுக்குமா?

“வலப்பக்கம் வரணும்… வலப்பக்கம் வரணும்…”

கணினித் திரையையே பார்த்தபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் ஆராய்ச்சி மாணவி.

“பதற்றத்துல மாத்திச் சொல்றியேம்மா. இடப்பக்கம். வலப்பக்கம் வந்தா உன் தீஸிஸ் அம்போ,” என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார் பேராசிரியர்.

அவள் திரும்பவே இல்லை.

பக்கத்து அறையில் ஆளுயரக் காந்தம். அதற்குள் அடுக்கிய மெல்லிய கண்ணாடிச் சில்லுகள். சில்லுகளின்மேல், மனித செல்லின் சவ்வைப் போலவே கொலஸ்ட்ரால் கலந்த கொழுப்பால் ஆன படலம். அந்தப் படலத்தில் ஒட்டியிருந்தது பெப்டைட் என்கிற குட்டிப் புரதத் துண்டு.

கிருமிகளைக் கொல்ல வந்திருக்கும் புது மருந்து அது. கிருமியின் சவ்வில் ஆணி மாதிரி குத்தி நின்று ஓட்டை போட்டுவிடும். மனித செல்லையும் அது விட்டுவைக்காது என்பது மாணவியின் கட்சி. கணினிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு கருத்தரங்குக்குக் கருத்தரங்கு அடித்துப் பேசியவள். காந்தத்தை வைத்து நேரடிச் சோதனை இன்றுதான். திரையில் இடப்பக்கம் மேடு எழுந்தால் பெப்டைட் குத்தி நிற்கிறது. வலப்பக்கம் எழுந்தால் சவ்வின்மேல் சமர்த்தாகப் படுத்திருக்கிறது.

“இதை அடுத்த மாசம் பண்ணலாம்னுதானே இருந்தோம்? என்ன தலை போற அவசரம்?”

“தெரிஞ்சாகணும் சார்.”

“சாப்பிட்டியா?”

“அப்புறம் சார்.”

திரையில் கோடு நடுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு, கூச்சப்பட்டதுபோல மெல்லத் தலைதூக்கியது ஒரு மேடு. வலப்பக்கம். இடப்பக்கம் வெறும் மொட்டைத் தரை.

பேராசிரியருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“கொழுப்புல சுகமாப் படுத்துத் தூங்குது, பாரேன்,” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“சாம்பிள்ல ஒண்ணும் கோளாறு இல்லையே சார்? கொலஸ்ட்ரால் அளவு?”

“நானே பார்த்தேன். எல்லாம் கச்சிதம்.”

“அப்போ நான் சொன்னது தப்பு.”

“தப்புதான்மா. அதுக்காக மனசை விட்டுடாத. தப்புன்னு கண்டுபிடிச்சாலும் அதுவும் ஆராய்ச்சிதான். தீஸிஸைத் திருத்தி எழுதிக்கலாம்.”

அவள் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நிமிர்ந்தவளின் கண்ணில் நீர் கொட்டியது. ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

அவர் தம்ளரை நீட்டியபடியே நின்றார். இத்தனை வருஷ உழைப்பு தரைமட்டமான அதிர்ச்சியில் புத்தி கித்தி பிசகிவிட்டதா?

“அம்மாடி, உன் வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா?”

“அவரும் இந்த ரிசல்ட்டுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கார் சார்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள்.

“டாக்டர், எந்த மருந்துக்கும் மசியாத கிருமி இதுக்கு மசியுதுன்னு சொன்னீங்களே, மனித செல்லையும் குத்துமோன்னு இனிமே நீங்க பயப்பட வேண்டாம், அடுத்த டோஸைப் போடலாம். அப்புறம், என் மாமியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க: மருமக இத்தனை வருஷமா சொன்னது சுத்தத் தப்பாம். அதைக் கேட்டாலே பாதி குணமாயிடுவாங்க.”