இரண்டு மணி நேரத்துக்கு மேல்

"மறுபடியும் தலை சுத்துதாம்!" என்றேன் டாக்டரிடம்.

கம்ப்யூட்டரில் நோயாளி ஆர்வில் டட்டிலின் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொடர்ந்து ஐந்தாவது செவ்வாய்க்கிழமை!

அமெரிக்காவில், டோலிடோ நகரத்தில் எங்கள் கிளினிக்குக்கு பில் போடுகிறவள் நான். நர்ஸ்களுக்கு டியூட்டி போடுவதும் நான்தான்.

அவருக்குக் கொடுப்பது மனச்சோர்வுக்கு மூக்கில் அடித்துக்கொள்கிற மருந்து. வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. இங்கேயே எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்; நர்ஸ் மற்ற நோயாளிகளுக்கு நடுவே வந்து வந்து பார்த்துக்கொள்வாள். இன்ஷூரன்ஸுக்கு நான் அனுப்புகிற பில் குறியெண்ணில் மருந்தும் அந்த இரண்டு மணி நேரமும் சேர்த்தி. அதற்கு மேலும் தலை சுற்றினால், தெளிகிற வரை நர்ஸ் அறையை விட்டு நகரக் கூடாது. அந்த நேரத்துக்கு எங்களுக்கு ஒரு செண்ட் காசு கிடையாது.

"அவருக்கு மருந்து ஒத்துக்கல போல, கிளெண்டா. நிறுத்திடலாம்" என்றார் டாக்டர் ஹென்ஸ்லி.

நிறுத்துவதா? மனைவி இறந்ததிலிருந்து எட்டு மாதம் படுக்கையை விட்டு எழாத மனிதர். இந்த மருந்துக்கு அப்புறம்தான் சவரம் செய்துகொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் வம்புக்கு இழுக்க ஆரம்பித்திருக்கிறார். நிறுத்தினால் மறுபடி அதே படுக்கைதான்.

"அவசரப்படாதீங்க டாக்டர். அந்த ஆள் நடிக்கிறார்னு நினைக்கிறேன்."

"எதுக்கு நடிக்கணும்?"

"ஓசி பிஸ்கட், ஓசி டிவி, பேச்சுத்துணைக்கு நர்ஸ் யோலாண்டா. வேற என்ன வேணும்? இருங்க, கையும் களவுமா பிடிக்கிறேன்."

டட்டில் இருந்த அறைக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தேன்.

டட்டில் குத்துக்கல் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலியில் ஏழு மாத வயிற்றோடு யோலாண்டா, பாதி கடித்த சாண்ட்விச்சைக் கையில் பிடித்தபடி நல்ல தூக்கம்!

"நல்லா இருக்கே! இங்க யார் யாரைப் பார்த்துக்கறது?"

"ஷ்ஷ்! மெதுவாம்மா. இப்பதான் கண்ணசந்தா."

"உங்களுக்குத் தலை சுத்துதுன்னு எழுதியிருக்கு?"

"சுத்துதே!"

"எங்க, ஒத்தைக் கால்ல நில்லுங்க பார்ப்போம்."

நின்றார். நான் கேட்காமலே கால் மாற்றியும் நின்று காட்டினார், கிழட்டுக் குறும்பர்.

"வெட்கமா இல்ல உங்களுக்கு? இந்தப் பொய்யால உங்க மருந்தையே நிறுத்தப் போறாங்க!"

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. மெல்ல உட்கார்ந்தார். யோலாண்டாவின் வீங்கிய பாதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவ பிரசவத்துக்கு இன்னும் எட்டு செவ்வாய்தான் இருக்கு. அதுவரைக்கும் மருந்து இல்லாம சமாளிச்சுப் பார்க்கறேன். வந்து சும்மா உட்கார்ந்து தலை சுத்தினா ஆகாதா?"

"என்ன உளறல் இது?"

"முப்பத்தோரு வருஷம் சிட்டி பஸ் ஓட்டினவன் நான். எங்களுக்கே சாப்பிட அரை மணி விடுவாங்க. இந்தப் பொண்ணு காலைல ஏழு மணிக்கு வந்தா ஒரு ஆள் போனதும் அடுத்த ஆள். எனக்குத் தலை சுத்தினாத்தான் அவ உட்கார முடியுது. 'நான் விழற மாதிரி இருந்தா எழுப்பறேன், நீ கண்ணை மூடு'ன்னு நான்தான் சொன்னேன். அவளைத் திட்டாதே."

யோலாண்டாவின் கையிலிருந்த சாண்ட்விச்சை மெல்ல எடுத்து மேஜையில் வைத்தேன்.

பின்னாலேயே டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன கிளெண்டா, நடிப்பா, நிஜமா? மருந்தை நிறுத்தட்டுமா?"

டட்டில் என்னையே பார்த்தார்.

"நிறுத்தாதீங்க டாக்டர்" என்றேன். "தலைசுத்தல் மருந்தால இல்ல. நான் போட்ட டியூட்டி லிஸ்ட்டால."