விட மறுத்த கேஸ்கெட்

பழைய காரின் எஞ்சினில், புகை வெளியேறும் வாயோடு, இடுக்கில் புகை கசியாமல் அடைக்கும் ஒரு கேஸ்கெட் இருபது வருடமாக ஒட்டிக் கிடந்தது. மெக்கானிக் தேவசகாயம் பளபளக்கும் புது கேஸ்கெட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்ததும் பழசுக்கு வயிறு எரிந்தது.

“இன்னைக்கு வந்தவளுக்கு என் எஞ்சினா? விடமாட்டேன்!” என்று இன்னும் இறுக்கிப் பிடித்தது.

“விட்டுடு, வலிக்குது,” என்று எஞ்சின் கெஞ்சியும் அது கேட்கவில்லை. தேவசகாயம் உளியால் சுரண்டச் சுரண்டத் துண்டு துண்டாகத்தான் பிய்ந்து வந்தது. எஞ்சினின் முகத்தில் ஆழமாக ஒரு கீறலும் விழுந்தது.

மறுநாள் குப்பை டின்னில் கிடந்த பழசுக்குப் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. புதுசைப் பொருத்திய இடத்தில் புகை கசிந்தது.

“அவளால முடியல பாரு!” என்று பூரித்தது பழசு.

சற்று நேரத்தில் புதுசும் நசுங்கிப்போய் அதே டின்னில் வந்து விழுந்தது.

“ஒரு நாள்கூட இருக்க முடியலையேக்கா. எஞ்சின் மூஞ்சில புகை கசியற அந்தக் கீறலைப் போட்டது யாரு?” என்று அழுதது.

பழசு மெல்லக் குப்பைக்கு அடியில் நகர்ந்து ஒளிந்துகொண்டது.