சின்னக் கிளப் ரசிகர்

"ரெண்டாந்தரப் போட்டின்னு சொல்றவன் வாயைக் கழுவணும்!"

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்த கனத்த குரலில், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

பம்ப் தயாரிக்கும் கம்பெனி அது. டிசைன் பிரிவில் ஒரே ஒரு இடம் காலி. இன்டர்வியூவுக்கு வரச்சொன்ன நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. உள்ளே நடப்பதோ ஐரோப்பியக் கால்பந்தைப் பற்றிய சண்டை! பிளைவுட் தடுப்பு கூரை வரைக்கும் எட்டாது என்பதை உள்ளே இருந்த பெரிய மனிதர்கள் சுத்தமாக மறந்துவிட்டார்கள்.

"கத்தாதீங்க தலைவரே," என்றது ஒரு கீச்சுக் குரல். "சாம்பியன்ஸ் லீக்ல இடம் கிடைக்காததுங்க யூரோபா லீக் ஆடுதுங்க. அதுலயும் கிடைக்காததுங்க கான்ஃபரன்ஸ் லீக். இதுக்கெல்லாம் ஒரு கோப்பை, ஒரு ஊர்வலம்! கேக்கறவன் சிரிக்க மாட்டான்?"

"எதுக்குய்யா சிரிக்கணும்? எப்பப் பார்த்தாலும் அதே நாலு பெரிய கிளப்தான் ஜெயிக்கணும்னு எழுதி வச்சிருக்கா?"

"ஜெயிக்கட்டுமே. பெரிய போட்டியில முதல் ரவுண்டுல உதை வாங்கறதே இதை ஜெயிக்கறதைவிட கௌரவம்."

பாவி, என்று முணுமுணுத்தாள் அவள்.

அண்ணன் புண்ணியத்தில் அவளுக்கும் கால்பந்து தெரியும். ஆனால் இன்றைக்கு அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதற்குக் காரணம் வேறு. அவள் படித்தது யாருக்கும் பெயர் தெரியாத ஒரு சின்னக் காலேஜ். அங்கே அவள்தான் முதலிடம். என்ன பிரயோஜனம்? இதற்கு முன்னால் போன கம்பெனிகளில் காலேஜ் பெயரைப் பார்த்ததுமே, "சொல்லி அனுப்பறோம்மா" என்று ஃபைலை மூடிவிட்டார்கள்.

இதுவும் போனால் மாமாவின் ஜெராக்ஸ் கடைதான். அவர் அவளுக்காக நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார்!

"போன வருஷம் நம்ம கிளப் அந்த யூரோபா கோப்பையைத் தூக்கினப்ப, சத்தியமா சொல்றேன், எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு," என்றது கனத்த குரல். "எவ்வளவு சின்ன ஊரு! திறமை எந்த மூலையில வேணாலும் இருக்கும்யா. ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்தாதானே தெரியும்?"

ஓடிப்போய் அவரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது அவளுக்கு. இந்த மனுஷன் ஒருத்தர் போதும். அந்தக் கீச்சுக் குரல் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை கிடைத்த மாதிரிதான்.

"சார், வெளிய ஒரு பொண்ணு ரொம்ப நேரமா உக்காந்திருக்கு," என்று நினைவுபடுத்தியது ஒரு பெண் குரல்.

உள்ளே போனதும் எந்தக் குரல் யாருடையது என்று குழம்பிப்போனாள். மலை மாதிரி உடம்பும் முறுக்கு மீசையுமாக ஒருத்தர். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருத்தர். ஓரத்தில் ஒரு மேடம்.

"உக்காரும்மா," என்று ஒல்லி மனிதர் அன்பாகச் சொன்னபோது ஆச்சரியமாக இருந்தது. அத்தனை கனத்த குரல் அவருடையதுதான்! நாற்காலியைக் கொஞ்சம் அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

கேள்வி கேட்டதெல்லாம் மீசைக்காரர்.

"பம்ப் ஓடுது, தண்ணி ஏறல. முதல்ல எதைப் பார்ப்பே?"

"பைப்போட அடியில இருக்கற ஃபுட் வால்வு சார். அது சரியா இருந்தா, உறிஞ்சற பைப்ல எங்கயாவது காத்து இழுக்குதான்னு பார்ப்பேன்."

அவர் விடவில்லை. தாளை நீட்டி வரையச் சொன்னார். வரைந்ததில் நோண்டி நோண்டிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் கண்ணாடிக்காரரைப் பார்த்தே பதில் சொன்னாள். அவரும் அழகாகத் தலையாட்டினார்.

கடைசியில் ஃபைலைப் புரட்டிய கண்ணாடிக்காரரின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்தக் காலேஜ் எங்கம்மா இருக்கு?"

மறுபடியும் அதே கேள்வி! ஆனாலும் இவரிடம் என்ன பயம்? துணிந்து சொல்லிவிட்டாள்.

"சின்னக் காலேஜ்தான் சார். ஆனா யூரோபா லீக் ஜெயிச்ச கிளப்புக்கு அடுத்த வருஷம் சாம்பியன்ஸ் லீக்ல இடம் கொடுக்கறாங்கல்ல சார்?"

மேடம் சிரிப்பை அடக்க இருமினாள். கண்ணாடிக்காரருக்கோ முகமெல்லாம் பல்.

"அடடே! ஃபுட்பால் பார்ப்பியாம்மா? அப்படிச் சொல்லு! இந்த மீசைக்கு நல்லா உறைக்கட்டும்!"

அவள் கோல் போட்டவள் மாதிரி வெளியே வந்தாள். அம்மாவுக்குப் போன் பண்ணுவதற்கு முன்னால் ஒரு வாய் குடிக்கலாம் என்று தடுப்போரம் இருந்த தண்ணீர் கேனைத் திறந்தாள்.

"தலைவரே, யோசிக்கவே வேண்டாம், இந்தப் பொண்ணை எடுத்துக்கலாம்," என்று கேட்டது உள்ளே. கீச்சுக் குரல்! "நான் எவ்வளவு குடைஞ்சேன்? ஒண்ணுல தடுமாறலையே!"

"நல்ல பொண்ணுதான்யா. ஆனா அந்தக் காலேஜ் பேரை யாரு கேள்விப்பட்டா? காலைல வந்தானே, பெரிய காலேஜ் பையன், அவனையே போட்டுடுங்க."

"அவனா? அவனுக்கு ஃபுட் வால்வு எந்தப் பக்கம் இருக்கும்னே தெரியல!"

"அதெல்லாம் கத்துக்குவான். ஆர்டரை டைப் பண்ணுங்க மேடம், கையெழுத்துப் போடறேன்."

"என்ன தலைவரே இது அநியாயம்? இவ்வளவு நேரம் சின்னக் கிளப்புக்கு வாய்ப்பு, வாய்ப்புன்னு தொண்டை கிழியக் கத்தினது நீங்கதானே?"

"யோவ், அது வேறய்யா! அந்தக் கிளப் தோத்தா எனக்கென்ன போச்சு? இந்தப் பொண்ணை எடுத்து நாளைக்கு ஏதாச்சும் சொதப்பினா, மேலிடத்துல என் பேருல்ல கெடும்!"