இரண்டு பேர் வாசித்த ஓர்கன்

மாத்தளையில் ஒரு மாதா கோயிலின் ஓர்கனை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்துதான் வாசிப்பார்கள். மதலேனாவுக்குச் சிறுவயதிலேயே காலில் வாதம். அவர் விரல்களால் வாசிக்க, கணவர் செபஸ்தியன் பக்கத்தில் உட்கார்ந்து காற்றுக்காக மிதிகட்டைகளை மிதிப்பார். கிளர்ச்சி நடந்த எண்பத்தொன்பதாம் வருடம், தம்புள்ளைக்குப் போன பஸ்ஸிலிருந்து துப்பாக்கிக்காரர்கள் செபஸ்தியனை இறக்கிக் கூட்டிப்போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. மூடிக் கிடந்த ஓர்கனின் துருத்தியை எலி கடித்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, ஓர்கன் திருத்தும் ஒஸ்வல்ட் கண்டியிலிருந்து வந்தார். துருத்திக்குப் புதுத் தோல் ஒட்டினார். ஒலி எழுப்பும் பித்தளை நாக்குகளைத் துடைத்துப் பொருத்தினார். பிறகு மதலேனாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"நான் மிதிக்கிறேன், நீங்க வாசிங்க அக்கா."

"கை மறந்திருக்கும் தம்பி."

மறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மாதா பாட்டொன்றை வாசித்தார். நடுவில் எங்கோ காற்று கசிவதுபோல் கேட்கவே, ஒஸ்வல்ட் மிதிப்பதை விட்டு எழுந்து ஓர்கனின் பின்னால் போய்க் குனிந்தார். பாட்டு நிற்கவில்லை. துருத்தி விரிந்து சுருங்கிக்கொண்டே இருந்தது. அவர் எட்டிப் பார்த்தார். மதலேனாவின் கால்கள் தரையில் அசையாமல் இருந்தன. மிதிகட்டைகள் மாறி மாறித் தாழ்ந்து எழுந்தன.

"மெதுவா மிதிங்களேன். அப்புறம் மூச்சு வாங்குதுன்னு சொல்லுவீங்க," என்றார் மதலேனா.

மிதிகட்டைகளின் வேகம் குறைந்தது. ஒஸ்வல்ட் இருந்த இடத்திலேயே முழந்தாளிட்டார்.

பாட்டு முடிந்ததும் மதலேனா கண்ணைத் திறந்து, பெஞ்சின் வெறும் பக்கமாகத் திரும்பினார். புதுப்பெண்போல வெட்கப்பட்டுக் கேட்டார்.

"இன்னொன்னு வாசிக்கட்டுமா?"