வலது பக்கம், கீழே

இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் இன்று மத்தியானம் என் தட்டில் மீன் விழாமல் போகட்டும். அத்தனையும் நிஜம்.

காரைக்காலில் அந்தோணிமுத்து வீட்டு மருமகள் ஜெர்லினுக்கு அன்று பரீட்சை. மெடிக்கல் கோடிங் வேலை அவளுக்கு. அமெரிக்க டாக்டர்கள் எழுதும் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய நம்பரைப் போட வேண்டும். வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸானால் அப்படியே தொடரலாம். ஃபெயிலானால் சென்னை ஆபீசில் போய் உட்கார வேண்டும்.

மகன் வில்சன் கத்தாரில். மருமகளும் போய்விட்டால் அந்தோணிமுத்துவும் அவர் மனைவி டெய்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

கேமரா முன்னால் பரீட்சை. அறைக்குள் இன்னொரு தலை தெரிந்தாலோ, குரல் கேட்டாலோ கேன்சல்.

ஜெர்லின் உள்ளே போய் உட்கார்ந்த நேரம் பார்த்து, போலகத்திலிருந்து அவர் தங்கச்சி லூர்து போன் செய்தாள்.

"அண்ணே, குடும்பத்தோட பஸ் ஏறிட்டோம். ஜெர்லினை உலை வைக்கச் சொல்லுங்க."

வராதே என்றால், அண்ணன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார் என்று போலகம் முழுக்க ஒப்பாரி வைப்பாள். அந்தோணிமுத்து யோசித்தார். கட்டிலில் விழுந்தார்.

"ஐயோ, வயிறு."

வயிற்றுப் பாடம் அவருக்கு அத்துப்படி. ஒரு மாதமாக ஜெர்லின் அவர் தொப்பையைக் காட்டித்தான் படித்தாள்.

"நடுவுல கூட்டல் குறி போட்டுக்கங்க மாமா. நாலு மூலை. நோயாளி வலிக்குதுன்னு சொன்னா அது ஒரு நம்பர். டாக்டர் அமுக்கும்போது வலிச்சா வேற நம்பர். அமுக்கின கையை எடுக்கும்போது வலிச்சா அதுக்கும் தனி நம்பர். எந்த மூலைன்னு எழுதலைன்னா டாக்டரையே திருப்பிக் கேட்போம்."

லூர்து படை சூழ வந்து இறங்கினாள். புருஷன், மகள், மருமகன், வாண்டுகள். "அண்ணே" என்று அலற வாயெடுத்தவளின் வாயை டெய்சி பொத்தினாள்.

"சத்தம் ஆகாது லூர்து அவருக்கு."

"ஜெர்லின் எங்கே அண்ணி?"

"அவளா? மாமனார் இங்கே புழுவாத் துடிக்கிறாரு, மகாராணி கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கா."

"நான் போய் இழுத்துட்டு வரேன்."

"வேணாம். அவ மூஞ்சியில இன்னிக்கு நான் முழிக்கிறதா இல்லை."

சொல்லிவிட்டு மருமகள் அறைக் கதவை வெளியே தாழ் போட்டாள் டெய்சி.

கடற்கரை வரைக்கும் கேட்கும் அவள் குரல் அன்று கட்டிலைத் தாண்டவில்லை. நிஜ வலி என்று நம்பிப் பயந்துவிட்டாள் போல, பாவம் என்று அந்தோணிமுத்துவுக்கு மனசு இளகியது. மருமகளைத் திட்டுகிறாளே என்று எரிச்சலும் வந்தது. உண்மையைச் சொல்லலாம் என்றால் லூர்து தலைமாட்டிலேயே நிற்கிறாள்.

அதற்குள் லூர்துவின் மருமகன் தெருமுனை கிளினிக்கிலிருந்து டாக்டர் ரிஃபாயைக் கையோடு கூட்டி வந்துவிட்டான். இது அந்தோணிமுத்து எதிர்பாராதது.

"சட்டையைத் தூக்குங்க."

"கூச்சப்படுவாருங்க டாக்டர். துண்டு மேலேயே அமுக்குங்க." டெய்சி ஓர் ஈரத்துண்டை அவர் வயிற்றில் போட்டு, நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் அமுக்கினார். அந்தோணிமுத்து பாடத்தை ஒப்பித்தார்.

"வலது பக்கம், கீழே. அமுக்கினா வலிக்குது. கையை எடுக்கும்போது அதைவிட வலிக்குது."

டாக்டர் முகம் மாறியது. "அப்பெண்டிக்ஸ் மாதிரி இருக்கு. ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

அந்தோணிமுத்துவுக்கு நிஜமாகவே வேர்த்தது.

லூர்து ஒப்பாரிக்கு மூச்சை இழுத்தாள். டெய்சி முந்திக்கொண்டாள்.

"ஆம்புலன்ஸை நான் பார்த்துக்கிறேன். இத்தனை பேரை ஆஸ்பத்திரியில விட மாட்டாங்க. நீ எல்லாரையும் கூட்டிக்கிட்டு உங்க ஊர் மாதா கோயில்ல மெழுகுவர்த்தி ஏத்து. கூடப்பொறந்தவ ஏத்தினாத்தான் மாதா காதுல விழும்."

படை அடுத்த பஸ்ஸைப் பிடித்தது.

வாசல் காலியானதும் வலி வலது கீழிலிருந்து இடது மேலுக்கு ஏறியது. அங்கிருந்து முதுகுக்குப் போனது. பிறகு போன இடம் தெரியவில்லை. டாக்டர் ரிஃபாய் நாலு மூலையையும் மறுபடி அமுக்கினார். நோயாளியை ஏற இறங்கப் பார்த்தார். "வாயுதான்" என்று ஒரு மாத்திரையை எழுதி நீட்டிவிட்டு நடையைக் கட்டினார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கதவு தட்டும் சத்தம். டெய்சி தாழை நீக்கினாள்.

"பாஸாயிட்டேன் அத்தை." சிரித்துக்கொண்டு வந்த ஜெர்லின் கட்டிலைப் பார்த்ததும் நின்றாள். "மாமாவுக்கு என்ன? எந்தப் பக்கம் வலி?"

அந்தோணிமுத்து எழுந்து உட்கார்ந்தார்.

"எந்தப் பக்கமும் இல்லை. உன் பரீட்சைக்காக நடிச்சேன். உங்க அத்தைதான் லூர்துகிட்ட உன்னை வாய்க்கு வந்தபடி பேசினா. கட்டின புருஷன் நடிக்கிறதுகூடத் தெரியலை அவளுக்கு."

டெய்சி துண்டை விலக்கினாள். தொப்பை விழுந்த பிறகு அந்தோணிமுத்து கண்ணால் பார்த்தே பல வருஷமான இடம் அது. வலது பக்கம், கீழே, விரல் நீளத்துக்கு ஒரு பழைய தழும்பு.

"வில்சன் பொறக்கிறதுக்கு முன்னாடியே இவருக்கு அப்பெண்டிக்ஸை எடுத்தாச்சும்மா. டாக்டர் கண்ணுல தழும்பு பட்டுடக் கூடாதேன்னு துண்டை இறுக்கிப் பிடிச்சதுல எனக்குத்தான் கை வலி."

போலகம் பக்கம் போனால், இதை யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அங்கே இன்னும் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கிறது.